முகமூடிக்குள் யார் இருக்கலாம்?

2014 கோடையில் நியூஜெர்சியில் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஊர் திரும்புவதற்குள் ஒரு நாடகமாவது பார்த்துவிட வேண்டும் என்று நான் நச்சரித்ததில், அத்தான் எங்களை நியூயார்க்கின் மெஜஸ்டிக் தியேட்டருக்கு அழைத்துப் போனார். ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓப்பரா’. கிடைத்த டிக்கெட் மாடியில், கூரைக்குப் பக்கத்தில். மேடையில் நின்றவர்கள் கட்டைவிரல் உயரத்துக்குத்தான் தெரிந்தார்கள். ஆனால் ஃபேன்டமின் குரல் பக்கத்து இருக்கையிலிருந்து வருவதுபோல் இருந்தது. பாடியவர் நார்ம் லூயிஸ். அந்த மே மாதம்தான் வேடத்தை ஏற்றிருந்தார். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளின் உலகமான பிராட்வேயில் ஃபேன்டமாக நடித்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர்.

இடைவேளையில் இதைப் பெருமையாகச் சொன்னேன். அத்தான் சிரித்தார். “பாதி முகத்தை மூடிக்கொண்டு இருட்டில் திரிகிற ஆள், மாப்பிள்ளை. உள்ளே இருப்பவன் கறுப்பா வெள்ளையா என்று எவன் பார்க்கப் போகிறான்? இது ஒரு செய்தியா?”

கேலிக்குத்தான் கேட்டார். நானும் அப்போது சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், அந்தக் கேள்வியைவிடக் கூர்மையான குற்றச்சாட்டை நானே எழுதியிருக்க முடியாது. எவனும் பார்க்கப் போவதில்லை என்றால், 1988 ஜனவரியில் தொடங்கிய நாடகத்தில் அந்த முகமூடிக்குள் ஒரு கறுப்பினத்தவர் நுழைய 26 ஆண்டுகள் ஏன் ஆயின? நடிக்க ஆள் இல்லை என்று சொல்லவும் முடியாது. லாஸ் ஏஞ்சலிஸில் 1990இலேயே மைக்கேல் கிராஃபோர்டுக்குப் பிறகு கறுப்பின நடிகர் ராபர்ட் கியோம் அந்த வேடத்தைப் போட்டு நடித்துக் காட்டிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. சரவிளக்குதான் விழுந்தது, அது நாடகக் காட்சியில் தினமும் விழுவது. அந்த நாடகத்தின் நாயகி கிறிஸ்டீனாகப் பிராட்வேயில் ஒரு கறுப்பினப் பெண் நிற்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எமிலி குவாச்சு. 2023 ஏப்ரலில், 13,981 காட்சிகளோடு நாடகத்தையே மூடிவிட்டார்கள்.

‘முதல் கறுப்பின நடிகர்’, ‘முதல் ஆசிய நடிகை’ என்று தலைப்புப் போடும்போது நாம் கைதட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான். எனக்கு மட்டும் அந்த ‘முதல்’ என்ற சொல்லைப் பார்த்தாலே, அதுவரை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தவரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அவர் பெயரை எந்தத் தலைப்பும் போடுவதில்லை.

நம் மொழியில் ஒப்பனைக்கு அரிதாரம் என்ற அழகான சொல் இருக்கிறது. உண்மையில் அது ஒரு மஞ்சள் தாதுவின் பெயர். முகத்தில் பூசிப் பூசி ஒப்பனைக்கே பெயராகிவிட்டது. அமெரிக்க இசை நாடகத்தின் வரலாற்றை யார் எந்த அரிதாரம் பூசினார்கள் என்ற ஒற்றைக் கேள்வியை வைத்தே எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றும். எழுதினால் முதல் அத்தியாயம் பெர்ட் வில்லியம்ஸ்.

பஹாமாஸின் நசாவில் 1874இல் பிறந்தவர். மாநிறம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் கருக்கிய தக்கையின் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு, கறுப்பர்களைக் கோமாளிகளாக்கி ஆடிப் பாடுவது பெரிய வணிகம். மேடை ஏற வேண்டுமென்றால் வில்லியம்ஸும் அந்தக் கரியைப் பூசியாக வேண்டும். கறுப்பின மனிதன், கறுப்பனாக நடிப்பதற்கு, தன் முகத்தின் மேல் கரி பூசிக்கொள்கிறான். ஏனென்றால் பார்வையாளர்கள் அறிந்திருந்த ‘கறுப்பன்’ அந்தக் கரிதான். இவருடைய சொந்த முகம் அவர்களுக்குப் போதவில்லை. தன் கூட்டாளி ஜார்ஜ் வாக்கரோடு 1903இல் ‘இன் டஹோமி’ என்ற முழுநீள நாடகத்தை, கறுப்பினத்தவர்களே எழுதி நடித்ததை, பிராட்வேயில் ஏற்றினார். அதே ஆண்டு லண்டனுக்குக் கொண்டுபோய் பக்கிங்ஹாம் அரண்மனையிலும் நடித்தார்கள். 1910இல் தயாரிப்பாளர் சீக்ஃபெல்ட் தன்னுடைய புகழ்பெற்ற ‘ஃபாலீஸ்’ நிகழ்ச்சிக்கு வில்லியம்ஸை எடுத்தார். வெள்ளை நடிகர்களின் நடுவே ஒரே ஒரு கறுப்பினத்தவர். சக நடிகர்கள் சிலர் விலகிவிடுவோம் என்று மிரட்டியதாகவும், உங்கள் எல்லோருக்கும் மாற்று ஆள் கிடைக்கும், அவருக்குக் கிடைக்காது என்று சீக்ஃபெல்ட் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. சொன்னாரோ இல்லையோ, அவர் தர்மவான் என்பதால் எடுத்தார் என்று நான் நம்பவில்லை. வில்லியம்ஸ் வந்தால் டிக்கெட் விற்கும்.

அந்த நிகழ்ச்சியில் பின்னாளில் எடி கேன்டர் என்ற இளம் வெள்ளை நடிகர் சேர்ந்தார். ஒரு காட்சியில் வில்லியம்ஸ் அப்பா, கேன்டர் மகன். இருவர் முகத்திலும் ஒரே கரி. காட்சி முடிந்ததும் இருவரும் ஒரே மாதிரி துடைத்துக்கொள்வார்கள். மகன் ஹோட்டலின் முன்வாசல் வழியாகப் போவார். அப்பா பின்பக்கத்து லிஃப்டில் ஏற வேண்டும். அது இவ்வளவு வலிக்காது, கைதட்டல் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்காவிட்டால் என்று வில்லியம்ஸ் தன்னிடம் சொன்னதாக கேன்டர் பதிவு செய்திருக்கிறார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. 1922இல், 47 வயதில், வில்லியம்ஸ் இறந்துபோனார்.

அடுத்ததாக டாட் டங்கன். இவரைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. 1935இல் இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ஸில் போர்கியாக நடித்தவர். முழுநேர நடிகர்கூட இல்லை. வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் குரலிசை கற்பித்த பேராசிரியர். 1936இல் நாடகம் சுற்றுப்பயணமாக அதே வாஷிங்டனின் நேஷனல் தியேட்டருக்கு வருகிறது. அந்த அரங்கில் கறுப்பினத்தவர் வெள்ளையரோடு உட்கார முடியாது. அதாவது மேடையில் நாயகனாகப் பாடப் போகிறவர், தன் சொந்த ஊரில், அதே அரங்கில், தான் விரும்பிய இருக்கைக்கு ஒரு டிக்கெட் வாங்க முடியாது. நாயகி ஆன் பிரௌனும் அவரும் பாட மாட்டோம் என்றார்கள். நிர்வாகம் பேரம் பேசிப் பார்த்தது. ஒருசில காட்சிகளை மட்டும் திறந்துவிடுகிறோம் என்றது. டங்கன் அசையவில்லை. கடைசியில் அரங்கு பணிந்தது. அந்த நாடகம் நடந்த நாட்களில் யாரும் எங்கும் உட்காரலாம் என்றானது.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் நாடகம் ஊரைவிட்டுப் போனதும் பழைய சட்டம் திரும்பி வந்தது. நடிகர் சங்கம் பின்னர் கெடுபிடி செய்தபோது, அந்த அரங்கின் நிர்வாகம் 1948இல் நாடகங்களையே நிறுத்திவிட்டுச் சினிமாக் கொட்டகையாக மாறியது. கறுப்பினத்தவருக்கு இருக்கை கொடுப்பதைவிட நாடகமே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்! 1952இல்தான் எல்லோருக்குமான அரங்காக மறுபடி நாடகங்களுக்குத் திறந்தது. தடையை ‘உடைத்தார்’ என்று நாம் எழுதுகிறோமே, கதவு உடைந்தால் மூடாது. இவர்கள் தள்ளித் திறந்த கதவுகள் எல்லாம் ஸ்பிரிங் வைத்த கதவுகள்.

எத்தல் வாட்டர்ஸ், பேர்ல் பெய்லி, டயான் கேரல் என்று மற்றக் கறுப்பின நடிகைகள் எல்லோரையும் பற்றிச் சொல்ல ஆசைதான். அக்காவே பாதியில் படிப்பதை நிறுத்திவிடுவாள். ஒரே ஒரு விசித்திரத்தை மட்டும் சொல்கிறேன். பிராட்வே நாடகங்களின் உயரிய விருதான டோனியைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஹுவானிட்டா ஹால், 1950இல், ‘சவுத் பசிஃபிக்’ நாடகத்துக்காக. என்ன வேடம் தெரியுமா? டொங்கின் நாட்டுப் பெண், அதாவது இன்றைய வியட்நாம். கறுப்பினப் பெண்மணிக்கு வழி திறந்தது ஆசியப் பெண்ணின் வேடத்தில். ஆசியப் பெண் வெளியே நின்றாள். நடிப்புக்காக ஓர் ஆசியப் பெண் டோனி வாங்க 1991 ஆயிற்று. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த லியா சலோங்கா, ‘மிஸ் சைகான்’.

அந்த மிஸ் சைகானில்தான் அரிதாரச் சண்டை வெடித்தது. பாதி வியட்நாமியர், பாதி பிரெஞ்சுக்காரரான ‘எஞ்சினியர்’ பாத்திரத்தில் லண்டனில் ஜோனதன் பிரைஸ் நடித்தார். வெல்ஷ்காரர். கண்களின் வடிவத்தை மாற்ற ஒட்டு, தோலுக்குப் பூச்சு. நாடகம் நியூயார்க் வர இருந்தபோது ஆசிய அமெரிக்க நடிகர் பி.டி. வாங்கும் நாடக ஆசிரியர் டேவிட் ஹென்றி ஹுவாங்கும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1990 ஆகஸ்டில் நடிகர் சங்கம் பிரைஸுக்கு அனுமதி மறுத்தது. தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டோஷ், அப்படியானால் நாடகமே கிடையாது என்றார். ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர் முன்பதிவு கையில் இருந்தது. எத்தனையோ பேருடைய வேலையும் அதில் இருந்தது. சில நாட்களிலேயே சங்கம் இறங்கி வந்தது. ஒட்டு இல்லாமல் பிரைஸ் நடித்தார்; அவரும் டோனி வாங்கினார். அருமையான நடிகர், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் கோபம் வேறு இடத்தில். உலகம் முழுக்கத் தேடினோம், தகுதியான ஆசிய நடிகர் கிடைக்கவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட சமாதானம். பிரைஸ் விலகியதும் பிரான்சிஸ் ருயிவிவார் அந்த வேடத்துக்கு வந்தார். அவருக்குப் பிறகு பிராட்வேயில் நாடகம் ஓடிய ஆண்டுகளெல்லாம் ஆசிய வம்சாவளியினரே அடுத்தடுத்து நடித்தார்கள். கிடைக்காதவர்கள் திடீரென்று எந்தக் கிணற்றிலிருந்து வந்தார்கள்?

நானும் யோக்கியன் இல்லை. 1994இல் ‘கரோசல்’ நாடகத்தில் ஆட்ரா மெக்டொனால்டு நடித்த கேரி பாத்திரத்தின் படங்களை முதன்முதலில் பார்த்தபோது, 19ஆம் நூற்றாண்டின் நியூ இங்கிலாந்துக் கடலோர ஊரில், அதுவும் வெள்ளை மீனவரை மணக்கப்போகும் ஆலைத் தொழிலாளியாக, ஒரு கறுப்பினப் பெண்ணா என்று எனக்கே ஒரு நெருடல். அதே கதையில் செத்துப்போன நாயகன் மேலுலகத்திலிருந்து ஒருநாள் விடுப்பு வாங்கிக்கொண்டு, ஒரு நட்சத்திரத்தைத் திருடி எடுத்துக்கொண்டு பூமிக்கு இறங்கி வருகிறான். அது எனக்கு நெருடவே இல்லை. அந்தக் கடலோரத்துத் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் கறுப்பின மாலுமிகள் ஏராளமாக இருந்தார்கள் என்பதையும் பிறகுதான் படித்தேன். அந்த ஆடிஷனில் பதற்றத்தில் மயங்கி விழுந்தவர் ஆட்ரா. அந்த வேடம் அவருக்கு முதல் டோனியைத் தந்தது, இன்று ஆறு. நடிப்புக்காக வேறு யாரும் இத்தனை வாங்கியதில்லை. 2024இல் ‘ஜிப்சி’ நாடகத்தின் நாயகி ரோஸாக, பிராட்வேயில் அந்த வேடத்தை ஏற்ற முதல் கறுப்பின நடிகையாக அவர் வந்து நின்றது, நானும் அத்தானும் ஃபேன்டம் பார்த்த அதே மெஜஸ்டிக்கில்.

ஏ.ஆர். ரகுமானின் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002இல் லண்டனிலும் 2004இல் பிராட்வேயிலும் ஏறியபோது நம்மில் பலர் எல்லாத் தடையும் போய்விட்டதாகப் பூரித்தோம். இந்தியர்கள் இந்தியர்களாக நடித்தார்கள், நல்லது. ஆனால் அது நமக்கென்று போட்ட பந்தியில் நாம் உட்கார்ந்தது. பொதுப் பந்தியில் இலை விழுவது வேறு சங்கதி.

அப்படி இலை போடப்பட்டவர்களில் என்னால் மறக்க முடியாதவர் கைல் ஜான்-பப்டீஸ்ட். ‘லே மிசராப்ள்’ பிராட்வேக்கு வந்தது 1987இல். 2015 ஜூலையில், கல்லூரி முடித்த கையோடு கோரஸில் சேர்ந்திருந்த இந்த 21 வயதுப் பையன், முதன்மை நடிகருக்கு மாற்றாக நாயகன் ஜான் வால்ஜானாக மேடை ஏறினான். பிராட்வேயில் அந்த வேடம் ஏற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கன், மிக இளையவனும்கூட. ஆகஸ்ட் இறுதியில் புரூக்ளினில் ஒரு கட்டடத்தின் அவசரகால வெளிப்படிக்கட்டிலிருந்து தவறி விழுந்து இறந்துபோனான். 28 ஆண்டுகள் காத்திருந்த வேடம் அவனிடம் ஒன்றரை மாதம்கூடத் தங்கவில்லை. மாற்று நடிகருக்குக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய காட்சிகள்தான்.

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? 2025இல் ‘மேபி ஹாப்பி எண்டிங்’ ஆறு டோனி விருதுகளை வென்றது. தென்கொரியாவில் பிறந்த இசை நாடகம். சியோலில் கைவிடப்பட்ட இரண்டு ரோபோக்களின் காதல். அம்மா வழியில் பிலிப்பைன்ஸ் வேர் உள்ள டேரன் கிரிஸ் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். இசை நாடக நாயகனுக்கான அந்தப் பிரிவில் வென்ற முதல் ஆசிய அமெரிக்கர். சில வாரங்களில், அவர் விடுப்பில் போகும்போது அந்த வேடத்துக்கு ஒரு வெள்ளை நடிகர் வருகிறார் என்று அறிவிப்பு வந்தது. ஆசிய அமெரிக்கக் கலைஞர்கள் கொதித்தார்கள். ஆதரித்தவர்கள் சொன்ன சமாதானங்களில் ஒன்று, பாத்திரம் ரோபோதானே என்பது.

‘ஹாமில்டன்’ நாடகத்தில் வெள்ளைக்காரரான முதல் அதிபர் வாஷிங்டனைக் கறுப்பினத்தவர் நடிக்கலாம் என்றால் இதுவும் சரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. பத்துக் கதவு உள்ளவன் ஒன்றைத் திறந்துவிடுவதும், ஒரே கதவு உள்ளவனிடம் அதையும் கேட்பதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. முகமூடி போட்ட ஃபேன்டமைப் பிராட்வேயில் கறுப்பினத்தவராக நினைத்துப் பார்க்கக் கால் நூற்றாண்டு மறுத்த கற்பனை, ரோபோ என்றதும் அவ்வளவு தாராளமாகிவிடுகிறது.

அந்தச் சர்ச்சையில் நீண்ட கட்டுரை எழுதியவர்களில் ஒருவர் பி.டி. வாங். ஆம், 1990இல் மிஸ் சைகானை எதிர்த்தாரே, அவரேதான். அப்போது 29 வயது. இந்தக் கட்டுரையை எழுதியபோது 64.

அந்தச் செய்தியை அத்தானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “ரோபோவுக்கு ஏது மாப்பிள்ளை நிறம்?”

தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதிவிட்டேன். அத்தான், படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். அடுத்த முறை டிக்கெட் என் செலவு. கூரைக்குப் பக்கத்தில் வேண்டாம்.