3 ஆண்டு 4 மாதம் என்றதும் ஏன் சிரித்தீர்கள்?

எடை குறைத்தவர்களைப் பாராட்டிய சனிக்கிழமை நிகழ்ச்சியின் காணொளியை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மேடையில் நின்றவளே நான்தான் என்பதால், இனியும் யாரும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். "41 கிலோ குறைத்தேன்" என்று நான் சொன்னபோது கைதட்டிய அதே மண்டபம், "3 ஆண்டு 4 மாதம் ஆனது" என்றபோது சிரித்தது. தொகுத்து வழங்கிய தம்பி, "அவ்ளோ வருஷமா அக்கா? நம்ம தங்கச்சி 90 நாள்ல 25 கிலோ!" என்று ஒலிவாங்கியில் சொன்னதும் சிரிப்பு இன்னும் கூடியது. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு வலித்தது என்று தெரிந்தது.

90 நாளில் குறைத்த அந்தத் தங்கையைப் பற்றி ஒரு குறையும் நான் சொல்லவில்லை. 90 நாள் வாயைக் கட்டுவது எவ்வளவு பெரிய வைராக்கியம் என்பது எனக்குத் தெரியும். எடையைக் குறைத்தவரிடம் முதலில் "எத்தனை நாளில்?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விதான் எனக்குப் பிரச்சினை. குறைந்த எடை எத்தனை ஆண்டாக அப்படியே நிற்கிறது என்று அந்த மேடையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 25 கிலோவும் கொழுப்பாகவே கரைய வேண்டுமானால், 90 நாளும் தினசரி 2,100 கலோரிக்கு மேல் துண்டு விழ வேண்டும். சராசரிப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று நம் சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வதே சுமார் 1,800 கலோரிதான். பருமனான உடலுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், கிட்டத்தட்டப் பட்டினி கிடந்தாலொழிய அந்தக் கணக்கு நேராகாது. அப்படியானால் குறைந்த 25 கிலோவில் நீர் எவ்வளவு, தசை எவ்வளவு என்று யாராவது பார்த்தார்களா? வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது, நம்மைச் சோம்பேறிகளாக்குவதற்காக அல்ல.

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2014இல் என் தம்பியின் திருமணத்துக்காக நானும் நான்கே மாதத்தில் 18 கிலோ குறைத்தவள்தான். காலையில் வெந்நீர், மதியம் ஓட்ஸ் கஞ்சி, இரவில் ஒரு வெள்ளரிக்காய். பட்டுச்சேலையில் எடுத்த படங்களைப் பார்த்துச் சொந்தபந்தம் எல்லாம் பாராட்டியது. திருமணம் முடிந்து மூன்றாவது வாரம் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றது. வடிகால் மூடியைத் திறந்து கம்பியை விட்டு இழுத்தபோது, சவர்க்கார நுரையோடு என் முடி கைப்பிடி அளவுக்குச் சுருண்டு வந்தது. அதை நாளிதழில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, அம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே கத்தியால் குத்துவது போன்ற வலி வந்தது. பித்தப்பையில் கல் என்றார்கள். வேகமாக மெலியும்போது கல்லீரல் கூடுதல் கொழுப்பைப் பித்தநீரில் தள்ளுகிறது. சாப்பாட்டில் எண்ணெய்ப் பசையே இல்லாததால் பித்தப்பை சரியாகச் சுருங்காமல் அது தேங்கிக் கல்லாகிறது. இதை எனக்கு விளக்கிய மருத்துவர் ஏற்கெனவே இப்படிப் பலரைப் பார்த்தவர் போலப் பேசினார். படுக்கை அருகே நின்ற தம்பி, "என் கல்யாணத்துக்காகவா இப்படிப் பண்ணிக்கிட்ட, அக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். ஒன்றரை ஆண்டில் அந்த 18 கிலோவும் திரும்பி வந்தது. கூடவே இன்னும் 5 கிலோவும் வந்தது. அதைப் பார்த்து யாரும் என்னை மேடைக்கு அழைக்கவில்லை.

அதனால்தான் இரண்டாவது முறை மெதுவாகப் போனேன். எடைபார்க்கும் கருவி 112 காட்டிய அன்று பாலிகிளினிக் எனும் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். உணவியல் ஆலோசகர் என் இலக்கு என்னவென்று கேட்கவில்லை. நேற்று என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். நாளுக்கு மூன்று தே தாரிக், அதாவது இனிப்புப் பால் தேநீர், என்று எழுதியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. முதல் மாதம் அது ஒன்றை மட்டும் சர்க்கரையில்லாத 'தே சி கோசோங்' தேநீராக மாற்றினேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள காப்பிக்கடை அண்ணன், நான் வரிசையில் நிற்பதைப் பார்த்தவுடனேயே "தே சி கோசோங்தானே?" என்று கேட்கத் தொடங்க ஆறு வாரம் ஆனது. பிறகு தட்டில் பாதிக்குக் காய்கறி, கால் பங்குக்குச் சோறு, கால் பங்குக்கு மீனோ கோழியோ தௌகுவா என்ற சோயாக்கட்டியோ என்று ஆனது. முட்டி தாங்காததால் முதலில் நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில்தான் நடந்தேன். ஆறு மாதம் கழித்துப் பளு தூக்கக் கற்றுக்கொண்டேன், ஏனென்றால் தசையை இழந்துவிட்டு மெலிவது எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாதை.

முதல் ஆண்டில் 20 கிலோ குறைந்தது. அதன் பிறகு ஐந்து மாதம் 92இலேயே நின்றது. அதே சாப்பாடு, அதே நடை, வாராவாரம் வியாழக்கிழமை அதே எண். எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைகிறது, பசியோ கூடுகிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது. அந்த ஐந்து மாதமும் சேர்ந்ததுதான் நீங்கள் சிரித்த 3 ஆண்டு 4 மாதம்.

90 நாள் வேகத்தைப் பற்றி நான் கேட்பதைப் பொறாமை என்று எழுதியவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

"பிரிட்டனில் வேகமாகக் குறைத்து நீரிழிவையே விரட்டியிருக்கிறார்களே" என்று கேட்ட அண்ணனுக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். உண்மைதான். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில் நாளுக்கு சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்து, ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் நீரிழிவு மாத்திரை இல்லாமல் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். ஆனால் அங்கே முதல் நாளே நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தித் தொடங்கினார்கள், பயிற்சி பெற்ற தாதியரும் உணவியல் நிபுணர்களும் தொடர்ந்து பார்த்துக்கொண்டார்கள், பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவதைப் படிப்படியாகச் செய்தார்கள். சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டே சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை அளவு திடீரென்று சரிந்து ஆள் மயங்கிவிடலாம். சனிக்கிழமை மண்டபத்தில் யாருடைய மாத்திரையை யார் பார்த்தார்கள்? பசியைக் குறைக்கும் ஊசி போட்டு எடை குறைப்பவர்களையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அது சிகிச்சை. நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மண்டபத்தின் பின்வரிசை மேசையில் விற்ற தேநீர்ப் பொட்டலத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. அதை நான் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எதுவுமே அச்சிடப்பட்டிருக்கவில்லை. 2002இல் இந்தச் சிங்கப்பூரிலேயே ஒரு மெலிவு மாத்திரையால் ஒரு தொலைக்காட்சி நடிகையின் கல்லீரல் செயலிழந்தது. அவரை மணக்கவிருந்தவர் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்துத்தான் அவர் பிழைத்தார். 2010இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற மருந்தை, அதற்குப் பிறகும் எத்தனையோ மெலிவுப் பொருள்களில் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அச்சிடாத பொட்டலத்தை உங்கள் அம்மாவுக்குக் கொடுப்பீர்களா?

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்டார் ஒரு தோழி. 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோது, என் அப்பாவின் இடது காலில் ஏற்கெனவே இரண்டு விரல்கள் இல்லை. நம் சமூகத்தில் இந்த நோய் சீனர்களைவிட அதிகம் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்பா ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் "இந்த மாசம் பத்து கிலோ குறைக்கிறேன்" என்பார், மாசிக்குள் விட்டுவிடுவார். வருடத்துக்கு மூன்று கிலோ போதும் என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால், யாரும் சிரிக்காமல் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

41 கிலோ போன பிறகும் உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் என் உடல் எடைக் குறியீடு (BMI) 27.7தான். நம் நாட்டில் 27.5 என்றாலே அதிக ஆபத்து என்று கணக்கு. வயிற்றில் தோல் தொங்குகிறது. இன்றும் வியாழக்கிழமைதோறும் எடை பார்க்கிறேன். நான் எதையும் முடித்துவிட்டவளாக அந்த மேடையில் ஏறவில்லை.

ஏற்பாட்டாளர்களிடம் கேட்பது இரண்டுதான். அடுத்த குழுவில் சேர்பவர்களை முதலில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இந்த ஆண்டு வென்றவர்களை அடுத்த ஆண்டு இதே மாதம் மீண்டும் மேடைக்கு அழையுங்கள். கூப்பிட்டால் நானும் வருவேன். அந்தத் தங்கை அன்று இதே எடையில், நல்ல உடல்நலத்தோடு வந்து நின்றால், அவளுக்கு முதல் மாலையை நான்தான் போடுவேன்.