நாய் வந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

‘போர் அதிர்ச்சியால் மனநோய்க்கு ஆளான அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் 66 சதவீதம் பேர், நாய் வளர்த்தே முழுமையாகக் குணமடைந்தனர், மருந்து தேவையில்லை’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு, நம்பி மருந்தை நிறுத்துவோருக்கு ஆபத்தும்கூட.

அந்த 66 என்ற எண் 2024இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து திரிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற உதவி நாயைப் பெற்ற 81 பேரையும், நாய்க்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்த 75 பேரையும் ஒப்பிட்டதில், மூன்று மாதங்களுக்குப் பின் முதல் குழுவினருக்கு அந்நோய் இருப்பதாகக் கண்டறியப்படும் வாய்ப்பு 66 சதவீதம் குறைவாக இருந்தது. நூற்றுக்கு 66 பேர் குணமடைந்தார்கள் என்பது இதன் பொருளன்று. இரு குழுவினரும் வழக்கமான சிகிச்சையைப் பெற்றுவந்தனர் என்பதைப் பரவும் செய்தி அடியோடு மறைத்துவிட்டது.

இவை சாதாரண வளர்ப்பு நாய்களும் அல்ல. கெட்ட கனவில் புரள்பவரை மூக்கால் முட்டி எழுப்பவும், கடை வரிசையில் நிற்கும்போது அவருக்குப் பின்புறம் நின்று, யாரோ நெருங்குகிறார்கள் என்ற பதற்றத்தைத் தணிக்கவும் இவை பழக்கப்படுகின்றன. அந்த உதவி உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 2021இல் அமெரிக்கா இயற்றிய சட்டமும், முன்னாள் வீரர்களே நாய்களுக்குப் பயிற்சியளிக்கும் ஒரு முன்னோடித் திட்டத்தைத்தான் ஏற்படுத்தியது. சிகிச்சையை நிறுத்தச் சொல்லவில்லை.

மனநல மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் தீவிரமாகக்கூடும். இச்செய்தியைப் பார்த்து மாத்திரையை விட்டவர்கள் உடனே தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும்.