ஐபேடில் மேக் வராது, மறுபடியும் சொல்கிறேன்

வெள்ளிக்கிழமைப் பதிவின் கீழே கமெண்டுகளில் நடந்த சண்டையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுக்களில் சுற்றவிட்ட புண்ணியவானுக்கு நன்றி. நான் சொன்னது ஒரே விஷயம்: மேக் கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளான மேக் ஓஎஸ்ஸை ஐபேடில் ஆப்பிள் ஓடவிடப்போவதில்லை. முடியாமல் இல்லை, வியாபாரம் படுத்துவிடும்.

"டெக்னிக்கலா கஷ்டம் ப்ரோ" என்கிறார்கள். என்ன கஷ்டம்? 2020 நவம்பரில் மேக்புக் ஏரில் வந்த அதே எம்1 சிப்தான் 2021இல் ஐபேட் ப்ரோவுக்குள் போனது. எம்4 சிப் 2024 மே மாதம் முதலில் வந்ததே ஐபேடில்தான். மேக்குக்கு அப்புறம்தான் கிடைத்தது. எஞ்சின் ஒன்றுதான், வண்டியை ரெண்டாவது கியருக்கு மேல் போகவிட மாட்டார்கள். 2010இல் வந்த ஐபேடுக்குச் சொந்தமாக ஒரு கால்குலேட்டர் கொடுக்க 2024 ஆனது. அதுவும் டெக்னிக்கலா கஷ்டமா ப்ரோ?

ஆப்பிளின் 2018 மாநாட்டில் அதன் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி மேடையில் நின்று, ஐபேடில் அப்போது ஓடிய ஐஓஎஸ்ஸையும் மேக் ஓஎஸ்ஸையும் இணைப்பீர்களா என்று தானே கேட்டு, திரை முழுக்க 'நோ' என்று காட்டினார். அப்புறம் 2020இல் ஐபேடுக்கு டிராக்பேட் வந்தது. 2025இல் இழுத்து நகர்த்தும் விண்டோக்கள், மேலே மெனு பார். இப்படி வருடாவருடம் கிள்ளிக் கொடுப்பார்கள், அள்ளிக் கொடுக்க மாட்டார்கள்.

எந்தக் கம்பெனி என்பதை விடுங்கள், அக்கா மகள் இன்ஜினியரிங் சேர்ந்தபோது கடைக்காரர் ஒருவர் "கீபோர்டு மாட்டினா லேப்டாப்பே தாம்மா" என்று ஒரு டேப்லெட்டைத் தலையில் கட்டினார். நகைச்சீட்டுப் பணம் அது. லேப் வகுப்பில், எழுதிய புரோகிராமை ஓடவைக்கத் தேவையான கம்பைலரை அதில் ஏற்ற வழியில்லை. அழகான கீபோர்டு கவரைத் திறந்து வைத்துக்கொண்டு, சி புரோகிராமை நோட்டில் பேனாவால் எழுதிவிட்டு வந்தாள். தீபாவளிக்குள் ஒரு லேப்டாப்பும் வாங்கியாயிற்று. ஆக, ஒரு பிள்ளைக்கு ரெண்டு பொருள். கம்பெனிகளின் கணக்கே அதுதானே?

"ஐபோனைக் கொண்டுவந்து, பாட்டுக் கேட்கும் தன் ஐபாடைத் தானே கொன்ற கம்பெனி அது" என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் ஐபாடை விட்டவன் அதைவிட விலை கூடிய ஐபோனை வாங்கினான். இங்கே ரெண்டு வாங்குகிறவன் ஒன்றோடு நிறுத்திவிடுவான். எந்த முதலாளி சம்மதிப்பான்? விரலுக்கும் மவுஸுக்கும் ஒரே திரை ஒத்துவராது, ரெண்டையும் கலந்து வந்த விண்டோஸ் 8 என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: கீபோர்டு மாட்டினால் மேக், கழற்றினால் ஐபேட் என்று வைக்கட்டுமே. அவ்வளவுதான்.

இதெல்லாம் பரவாயில்லை. "வாங்க வக்கில்லாதவன் புலம்பல்" என்றொரு கமெண்ட். அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் ரெண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். ஆமாம், என் லேப்டாப் பழசுதான். கீல் விட்டுப்போய் செலோடேப் ஒட்டியிருக்கிறேன், திறக்கும்போது ஒரு கையால் பின்பக்கம் பிடிக்க வேண்டும். அதற்கும் எம்4 சிப்புக்கும் என்ன சம்பந்தம்? வாங்கினவன் மட்டும்தான் யோசிக்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? லட்ச ரூபாய் கொடுத்தவர்தான் ஏன் இது முடியாது என்று கம்பெனியைக் கேட்டிருக்க வேண்டும். அவர் என்னைக் கேட்கிறார்!

டச் ஸ்கிரீன் மேக் நாளைக்கே வரலாம். கூடுதல் விலை வைத்து விற்பார்கள், அதனால் வரும். ஐபேடில் மேக் ஓஎஸ் வராது. வந்தால் இங்கேயே வந்து திட்டுங்கள், அழிக்க மாட்டேன். என் சம்பளத்தை விசாரிப்பவர்களை மட்டும் இன்றே பிளாக் செய்கிறேன், அந்த ரெண்டு பேர் உட்பட.