மஞ்சள் செல்லைக் கொல்லும், சரி. எந்தச் செல்லை, எங்கே வைத்து?

நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மறுபடியும் அதே வீடியோ. மஞ்சள் மார்பகப் புற்றுநோய் செல்லைக் கொல்லுமாம், டாக்டர்கள் மறைக்கிறார்களாம். போட்டது புதுவண்ணாரப்பேட்டை மாமா. அங்கே பதில் சொன்னால் பொங்கல் வரை பேச மாட்டார், அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் பாதி பொய் இல்லை. நானே கொன்றிருக்கிறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டில் மஞ்சளில் இருக்கும் குர்குமினைத்தான் எடுத்தேன். அது தண்ணீரில் கரையாது, டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தில் கரைத்து, 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் வளரும் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்கள் மேல் விடுவோம். ஒரு நாள் கழித்து எம்டிடி என்கிற மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக்கும், செத்த செல் ஆக்காது. குர்குமின் 20 மைக்ரோமோலாருக்கு (கரைசலில் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் அலகு) மேலே போகப் போக குழிகள் வெளுத்துக்கொண்டே போனதைப் பார்த்து, நோபல் பரிசு கிடைத்த மாதிரி கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் செல்கள் யாருடையவை தெரியுமா? 1970-ல் அமெரிக்காவில், மார்பகப் புற்றுநோய் பரவியிருந்த ஒரு கன்னியாஸ்திரியின் நெஞ்சில் கோத்திருந்த நீரிலிருந்து எடுத்தவை. அந்த அம்மா அதே வருடம் இறந்துவிட்டார், செல்கள் இன்றும் உலகம் முழுக்க தட்டுகளில் வளர்கின்றன. தட்டில் கல்லீரல் கிடையாது, குடல் கிடையாது. ஊற்றியது அப்படியே செல்லுக்குப் போகும்.

மனுஷ உடம்பு அப்படியா? ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்வில்கூட ரத்தத்தில் 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் வாக்கில்தான் இருக்கும். கணக்குப் போட்டால் 8 கிராமுக்கு கால் கிலோவுக்கும் மேல் தூள் வேண்டும், தினமும். எங்கள் வீட்டில் கால் கிலோ பாக்கெட் ரெண்டு மாசம் வரும்.

அளவு இன்னொரு வேலையும் காட்டும். சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன் நிறைய போனால் இதே எம்சிஎஃப்-7 வளர்ச்சியை அடக்கும், கொஞ்சமாகப் போனால் வளர்த்துவிடும். ஒரே பொருள், ஒரே செல். இதை எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை.

இவ்வளவு கோபம் வரக் காரணம் காசிமேட்டில் இருக்கும் என் சித்தி. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது புற்றுநோய் திரும்ப வராமல் இருக்க டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாசம் போனபோது மாத்திரைப் பையில் ஒரு டப்பா: குர்குமினும் மிளகுச் சத்தும் சேர்த்த கேப்சூல். 900 ரூபாய். டாக்டரிடம் சொன்னீங்களா என்றால், "இன்னாடி, மஞ்சளுக்கெல்லாமா டாக்டரைக் கேப்பாங்க?"

மிளகு சும்மா சேர்க்கவில்லை. 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகுச் சத்தான பைப்பெரின் 20 மில்லிகிராம் கொடுத்ததும் உடம்பு குர்குமினை ஏற்றுக்கொள்வது 20 மடங்கு கூடியது. கல்லீரல் குர்குமினைக் கழித்து வெளியே தள்ளுகிற வேலையைப் பைப்பெரின் மந்தமாக்குகிறது. கேப்சூல் விற்பவர் இதைச் சொல்வார். இதே கல்லீரல்தான் டமாக்சிஃபெனை எண்டாக்சிஃபென்னாக மாற்றி மருந்துக்கு வேலை செய்யும் பலத்தைக் கொடுக்கிறது, அதில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல மாட்டார். 2019-ல் நெதர்லாந்தில் ஒரு சிறிய ஆய்வில் டமாக்சிஃபென் சாப்பிடும் நோயாளிகளுக்குக் குர்குமினையும் பைப்பெரினையும் சேர்த்துக் கொடுத்தபோது எண்டாக்சிஃபென் அளவு இறங்கியது.

"இயற்கை மருந்தை டாக்டர்கள் மறைக்கிறார்கள்" என்பதற்கும் ஒரு வார்த்தை. கீமோவில் ஏற்றும் பாக்ளிடாக்ஸல் முதலில் ஒரு மரத்துப் பட்டையிலிருந்து வந்ததுதான். நம் தெரு ஓரத்து நித்தியகல்யாணியிலிருந்து வந்தது வின்கிரிஸ்டின் என்கிற இன்னொரு கீமோ மருந்து. மறைக்கவா செய்தார்கள்? பிரித்தெடுத்து, அளவு பார்த்து, பக்க விளைவு எழுதி, ஊசியில் ஏற்றுகிறார்கள்.

சித்தியை அடுத்த செக்கப்புக்கு டப்பாவோடு கூட்டிப் போனேன். டாக்டர் லேபிளைப் படித்துவிட்டு நிறுத்தச் சொன்னார். சித்திக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்போ சங்கரா மீன் கொழம்புல மஞ்சள் போடலாமா, கூடாதா?" தாராளமாகப் போடுங்கம்மா என்றார்.

900 ரூபாய் பொருளைச் சித்தி குப்பையில் போடுவாரா? மிச்சத்தைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூட்டு வலிக்கு என்று கொடுத்துவிட்டார். அந்த அக்கா வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.