ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது?

திருப்பூர் பனியன் ஜாப் ஒர்க் யூனிட், பல்லடம் தறி குடோன், ஈரோடு மஞ்சள் மண்டி, கணபதி லேத் பட்டறை, பொள்ளாச்சி நார் மில். எங்கே போய்க் கேட்டாலும் ஆபீஸ் சிஸ்டம், பிரிண்டர், நெட் பற்றி ஒரே குறைதான். "கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டா ஒருத்தரும் ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க." இதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு நாமே பொறுப்பு என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முதலில் கேட்பது பதிவு செய்த மொபைல் எண்ணை. அந்த எண் முதலாளியிடம் இல்லை என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் ஆபீஸில் இன்றைக்கே ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். டேலி கணக்கு மென்பொருளின் லைசன்ஸ், அதை விற்ற டீலரின் மெயிலில் இருக்கும். வெப்சைட் பெயர், டிசைன் செய்து கொடுத்தவரின் கணக்கில் இருக்கும். கேமரா பாஸ்வேர்டு மாட்டிவிட்டுப் போனவருக்கு மட்டும் தெரியும். பிராட்பேண்ட், என்றோ வேலையை விட்டுப் போன அக்கவுண்டண்ட் நம்பரில் இருக்கும். ஜிஎஸ்டி லாகின் ஆடிட்டர் ஆபீஸ் நம்பரில் இருக்கும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பதிவு செய்த அன்று அவசரம். "உங்க நம்பரையே போட்டுருங்க தம்பி" என்று முதலாளியே சொல்லியிருப்பார்.

இந்த அவசரத்தின் விலை இப்போது கூடிவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு), இ-இன்வாய்ஸ் போர்ட்டல்களில் எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். பாஸ்வேர்டு போட்ட பிறகு ஓடிபி கேட்கும். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல் சரக்கு போனால் பொதுவாக இ-வே பில் வேண்டும். சாயங்காலம் 7 மணிக்கு லோடு ஏற்றிய வண்டி கேட்டில் நிற்கும்போது, ஓடிபி வீட்டுக்குப் போய்விட்ட ஆடிட்டர் ஆபீஸ் பையனின் போனில் வந்து விழுந்தால் என்ன செய்வீர்கள்?

இதற்கு வழி போர்ட்டலுக்குள்ளேயே இருக்கிறது. இ-வே பில் தளத்தில் சப்-யூசர் உருவாக்கலாம். டிஸ்பாட்ச் பார்ப்பவருக்கு ஒன்று, பில்லிங் பார்ப்பவருக்கு ஒன்று. ஒவ்வொருவருக்கும் அவரவர் மொபைலிலேயே ஓடிபி வரும். ஆள் வேலையை விட்டுப் போகும் அன்று அந்த சப்-யூசரை ஃப்ரீஸ் செய்துவிட வேண்டும். கணக்கு முடித்துச் சம்பளம் கொடுக்கும் அதே நாளில் இதையும் செய்யுங்கள்.

ஜிஎஸ்டி போர்ட்டலில் மொபைல், மெயிலை மாற்ற அதிகாரி ஒப்புதல் தேவையில்லை. லாகின் செய்து, ரெஜிஸ்ட்ரேஷன் பகுதியில் நான்-கோர் திருத்தத்தைத் திறந்து, ஆதரைஸ்டு சிக்னேட்டரி விவரத்தை எடிட் செய்ய வேண்டும். புதிய எண்ணுக்கும் புதிய மெயிலுக்கும் தனித்தனியாக ஓடிபி வரும். கடைசியில் சமர்ப்பிக்கும்போது பழைய எண்ணுக்கும் ஓடிபி போகக்கூடும். அதனால் ஆடிட்டரிடம் முன்பே சொல்லி, அவர் போன் பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். பழைய எண்ணுக்குரியவர் தொடர்பிலேயே இல்லை, லாகினும் முடியவில்லை என்றால் உங்கள் எல்லைக்குரிய வரி அலுவலகத்துக்கு அடையாளச் சான்றுகளோடு நேரில் போக வேண்டும். அதிகாரி சரிபார்த்துப் புதிய மெயில், மொபைலை ஏற்றினால் தற்காலிகப் பாஸ்வேர்டு வரும். உங்கள் எல்லை மாநில அலுவலகமா மத்திய அலுவலகமா என்று தெரியாவிட்டால், போர்ட்டலில் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுத் தேடினாலே காட்டும்.

"மாசாமாசம் ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து ஓடிபி கேட்டுக் கூப்பிடுவாங்களே, தொந்தரவுங்க" என்று சிலர் சொல்வார்கள். மாதம் இரண்டு போன் தொந்தரவே இல்லை. உங்கள் பெயரில் என்ன தாக்கல் ஆகிறது என்று தெரிந்துகொள்ள அந்த இரண்டு போனும் உதவும்.

இந்தப் பதிவுகளுக்கெல்லாம் தனியாக ஒரு ஆபீஸ் சிம் வைப்பது நல்லது. ஆனால் அதை மேசை டிராயரில் போட்டு மறந்துவிடாதீர்கள். பிரீபெய்டு சிம்மை 90 நாள் எதற்கும் பயன்படுத்தாமல், பேலன்ஸும் இல்லாமல் விட்டால் இணைப்பைத் துண்டித்துவிடலாம். பிறகு அதே எண் வேறு ஒருவருக்குப் போகும். அவர் போனில் உங்கள் ஓடிபி வந்து விழும்.

டேலியில் இன்னொரு விஷயம். லைசன்ஸ் ஏறியிருக்கும் சிஸ்டத்தை ஃபார்மேட் செய்யும் முன், ஹார்ட் டிஸ்க் மாற்றும் முன், அந்த லைசன்ஸை சரண்டர் செய்ய வேண்டும். சரண்டர் செய்ய ஒரு நிமிடம்தான் ஆகும். அதை விட்டுவிட்டு ஃபார்மேட் அடித்தால், லைசன்ஸ் பழைய சிஸ்டத்தில் இருப்பதாகவே அவர்கள் பதிவேடு சொல்லும். விடுவிக்கப் பதிவு செய்த மெயில் வேண்டும். அந்த மெயில் டீலருடையது. டீலர் கடையை மூடிவிட்டிருந்தால்? லைசன்ஸ் கணக்கின் அட்மின் மெயிலை நல்ல நாளிலேயே உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது பிரிண்டர். தினமும் அதிகமான ஆபீஸ்களில் வேலையை நிறுத்துவது இதுதான். "பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுதுங்க." உடனே சர்வீஸுக்குப் போன், விசிட் சார்ஜ். வருபவர் பிரிண்டரை நீக்கிவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்வார், வேலை செய்யும். அடுத்த கரண்ட் கட்டில் திரும்ப ஆஃப்லைன். காரணம் இதுதான். வைஃபையிலோ லேன் கேபிளிலோ இருக்கும் பிரிண்டருக்கு ரவுட்டர்தான் ஐபி எண் (நெட்வொர்க்குக்குள் அதன் விலாசம்) கொடுக்கிறது. கரண்ட் போய் வந்ததும் எல்லா மிஷினும் திரும்ப எண் கேட்கும்போது, நேற்று 192.168.1.5 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.8 ஆகிவிடலாம். சிஸ்டம் பழைய 5ஐயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

நிரந்தரத் தீர்வுக்குப் பத்து நிமிடம் போதும். பிரிண்டர் மெனுவில் நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுங்கள். அதில் மேக் அட்ரஸ் என்று 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி இருக்கும். ரவுட்டர் செட்டிங்கில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் பகுதியில் அந்த மேக் அட்ரஸுக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவிடுங்கள். பிறகு சிஸ்டத்தில் பிரிண்டர் ப்ராப்பர்டீஸ், போர்ட்ஸ் போய் அதே எண்ணைக் கொடுங்கள். அதே இடத்தில் கான்ஃபிகர் போர்ட்டை அழுத்தினால் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். பிரிண்டர் நன்றாக இருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டுவதற்கு இந்த டிக்கும் ஒரு காரணம்.

இதன் பெரிய வடிவம், நெட் கம்பெனி ஆள் பழுதான பெட்டியை எடுத்துவிட்டுப் புதுப் பெட்டி வைத்துவிட்டுப் போகும்போது வரும். புதுப் பெட்டியில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, உள் எண் வரிசை எல்லாமே மாறியிருக்கலாம். பிரிண்டர், கேமரா டிவிஆர், விரல் ரேகை வருகைப் பதிவு மிஷின், மூன்றும் ஒரே நாளில் நின்றுபோகும். நெட் கம்பெனி, "எங்க லைன் சரியா இருக்குதுங்க" என்று சொல்லும். அதுவும் உண்மை. சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி, நெட் கம்பெனிப் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை அதன் வேன் (WAN) போர்ட்டில் சொருகி, ஆபீஸ் மிஷின்கள் எல்லாவற்றையும் உங்கள் ரவுட்டரிலேயே இணைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. உள் எண் வரிசையை 192.168.50 என்பது போல அவர்கள் பெட்டியில் இல்லாத ஒன்றாக வையுங்கள். அவர்கள் எத்தனை பெட்டி மாற்றினாலும், கம்பெனியையே நீங்கள் மாற்றினாலும் உள்ளே எதுவும் அசையாது.

நெட் போனால் கூப்பிடும் முன் ஃபைபர் பெட்டி விளக்குகளைப் பாருங்கள். 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை. ஃபைபர் அறுந்திருக்கிறது, அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. பெட்டியை எத்தனை தடவை ஆஃப் செய்து போட்டாலும் பயனில்லை. 'பான்' (PON) விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பெட்டி எக்ஸ்சேஞ்சில் பதிவாகவில்லை. இதை முதல் வாக்கியமாகச் சொன்னால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்ற முதல் பத்து நிமிடம் மிச்சம். புகாருக்கு டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) கேட்டு வாங்குங்கள். அது சரியாகத் தீராவிட்டால் அதே கம்பெனிக்குள் அப்பீல் அதாரிட்டி என்று ஒருவர் இருப்பார். 30 நாளுக்குள் அங்கே போகலாம். டாக்கெட் எண் இல்லாதவருக்கு அந்தக் கதவு திறக்காது.

ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். முதலில் வந்து நிற்பது மோசடிக்காரன் போட்ட எண்ணாக இருக்கலாம். மிஷினுக்குப் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர், வாரண்டி கார்டு, கம்பெனியின் சொந்த ஆப், இந்த மூன்றிலிருந்து மட்டும் எண் எடுங்கள். "பதிவுக் கட்டணம் 10 ரூபாய் அனுப்புங்க" என்றாலோ, யுபிஐ பின் கேட்டாலோ, பேங்க் ஆப் இருக்கும் போனில் எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே இயக்க உதவும் ஆப்) போடச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் தயங்காமல் 1930க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. உண்மையான சர்வீஸ் ஆளே சிஸ்டத்தில் எனிடெஸ்க் மூலம் வேலை பார்த்தாலும், முடிந்ததும் 'அன்அட்டெண்டட் ஆக்சஸ்' (நீங்கள் ஒவ்வொரு முறையும் அனுமதிக்காமலே உள்ளே வரும் வசதி) வைத்திருக்கிறாரா என்று பார்த்து அணைத்துவிடுங்கள்.

இனி ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். நம் ஊரில் பெரும்பாலும் வாய்வார்த்தைதான். "பாத்துக்கறோம்ங்ணா, நீங்க போன் பண்ணுங்க." மனிதர் நல்லவராகவே இருக்கட்டும், எழுத்தில் வாங்குங்கள். பாகங்கள் சேர்ந்ததா, வெறும் ஆள் கூலி மட்டுமா? சேர்ந்தது என்றால் அடாப்டர், பேட்டரி, பிரிண்ட் ஹெட், பிளாஸ்டிக் பாகம், கேபிள் உண்டா? பெரும்பாலும் இருக்காது. பழுதாவதும் பெரும்பாலும் இவைதான். எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதும், எத்தனை நாளில் சரியாகும் என்பதும் வேறு வேறு. ஒப்பந்தங்கள் முதலாவதை மட்டும் எழுதும். இரண்டு நாளுக்கு மேல் மிஷினை எடுத்துப்போனால் மாற்று மிஷின் தருவார்களா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வெளியே போகக்கூடாது. அதில் உங்கள் கணக்கு முழுவதும் இருக்கிறது.

புதிதாக வாங்கும்போது விலைக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள். வாரண்டி ஆன்சைட்டா, கேரி-இன்னா? கேரி-இன் என்றால் வெள்ளகோவிலிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ மிஷினைத் தூக்கிக்கொண்டு நீங்கள்தான் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். ஆன்சைட் என்றாலும் உங்கள் பின்கோடைச் சொல்லி, அந்த ஊருக்கு ஆள் வருவாரா என்று கம்பெனியிடமே கேளுங்கள், கடைக்காரரிடம் வேண்டாம். ஆயிரம் ரூபாய் விலை குறைந்த பிரிண்டர், இரண்டு முறை கோவைக்குப் போய்வந்தால் விலை கூடிய பிரிண்டர் ஆகிவிடும்.

நம் பகுதிக்கே உரிய இரண்டு காரணங்கள் மிஷின்களைக் கெடுக்கின்றன. ஒன்று பஞ்சுத் தூசி. கட்டிங், செக்கிங் நடக்கும் ஹாலிலேயே சிஸ்டம் இருந்தால் ஃபேனில் பஞ்சு அடைத்துச் சூடேறி தானாக அணையும். மாதம் ஒரு முறை புளோயர் அடியுங்கள், ஃபேனைக் கையால் பிடித்துக்கொண்டு. பார்கோடு ஸ்டிக்கர் பிரிண்டரிலும் அதே தூசிதான். அச்சில் மேலிருந்து கீழாக மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தால் முதலில் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அதன் பிறகும் கோடு அதே இடத்தில் விழுந்தால்தான் ஹெட் போயிருக்கிறது. இன்க் டேங்க் பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள். அதன் சொந்த பட்டனில் அணைத்தால்தான் ஹெட் தன் மூடிக்குள் போய் நிற்கும். இல்லையென்றால் இன்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று கரண்ட். தறியோ மோட்டாரோ எடுக்கும்போது வோல்டேஜ் இறங்கி ஏறுகிறது. சாதாரண 600 விஏ யுபிஎஸ் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. புதிதாக இருக்கும்போது ஒரு சிஸ்டத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டும், சேவ் செய்து அணைக்கத்தான் அந்த நேரம். லேசர் பிரிண்டரை அதில் சொருகக் கூடாது. அதன் ஹீட்டர் ஒரே இழுப்பில் இழுக்கும் மின்சாரத்தில் யுபிஎஸ் டிரிப் ஆகும். பேட்டரி மாற்றிய தேதியை மார்க்கரால் மேலேயே எழுதுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் அது போகத்தான் செய்யும்.

கம்பெனி கடைசி வரை கைவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். வணிகத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு விலக்கு இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு அவரும் நுகர்வோர்தான். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. பிரச்சினை தொடங்கி 2 வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே பில் கேட்பார்கள். பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், சீரியல் எண் அதில் எழுதியிருக்க வேண்டும். தெர்மல் தாளில் கொடுத்த பில் சில மாதத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, மிஷினின் சீரியல் ஸ்டிக்கரையும் ஒரு போட்டோ பிடித்து, இரண்டையும் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பி வையுங்கள்.