குடிக்காதவனுக்கு என்ன ஆச்சு?

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் பச்சிலை வைத்தியர் அண்ணாச்சிக்கு எடுத்த பாராட்டு விழாவில் நடந்தது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நான் மேடை ஏறி அவரை அவமானப்படுத்தினேன் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் மேடைப் பக்கமே போகவில்லை. நாலாவது வரிசையில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "நாப்பது வருஷமா மஞ்சக்காமாலைக்கு மருந்து கொடுக்கீங்க, ஆயிரம் பேருக்கு மேல குணமாயிருக்குன்னு சொல்லுதீங்க. மருந்து குடிக்காதவங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாராவது பாத்திருக்கோமா?"

"உட்காரும் வே, நாலெழுத்து படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிருமோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் கைதட்டியது. நான் உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர்களும் கைதட்டினார்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.

கேள்வியில் என்ன தப்பு? நம் பக்கம் வருகிற மஞ்சள்காமாலையில் நிறைய, கெட்ட தண்ணீரிலிருந்து வருகிற வைரஸால் வருவது. அதில் ஒன்றான ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். பச்சிலை குடித்தாலும் சரியாகும், வெறும் மோர் குடித்தாலும் சரியாகும். அப்படியென்றால் குணமானவர்களை மட்டும் எண்ணி என்ன தெரிந்துகொள்ள முடியும்? குடித்தவனையும் குடிக்காதவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவுசெய்ய வேண்டும். வைத்தியரே ஆளைப் பொறுக்கினால், தெம்பாக நடந்து வருகிறவனுக்குத்தான் கை தானாகப் போகும். அவரைக் குறை சொல்லவில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான்.

"உமக்குச் சித்த மருத்துவம்னாலே இளப்பம்" என்கிறார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இன்றைக்கும் கீழாநெல்லி கிடக்கிறது. 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கீழாநெல்லியைத்தான் ஹெபடைடிஸ் பி என்ற இன்னொரு மஞ்சள்காமாலைக் கிருமியை உடம்பில் சுமப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். செடியைச் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் செடியை மதித்தவர்கள்தானே அதைச் சோதித்தார்கள்? பாளையங்கோட்டையில் 1964-இலிருந்து சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அண்ணாச்சியின் பச்சிலையை அங்கே கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்து, அது ஜெயித்தால் முதல் மாலை நான் போடுவேன்.

"இங்கிலீஷ் மருந்தை மட்டும் கேக்க மாட்டியோ?" கேட்பேன். 2020-இல் கொரோனா வந்து தேறியவர்களின் பிளாஸ்மாவுக்கு நாடே அலைந்தது. நானும்தான் என் மச்சானுக்காக ராத்திரி முழுக்க போன் போட்டேன். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. பிளாஸ்மா ஏற்றியதால் சாவும் குறையவில்லை, நோய் முற்றுவதும் குறையவில்லை. 2021 மே மாதம் சிகிச்சை வழிமுறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பெரிய பெரிய டாக்டர்கள் நம்பியதுதான், கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. கம்பெனிக்காரர்கள் காசுக்காக மறைக்கிறார்கள் என்றால், ஆமாம், மறைக்கிறார்கள். அவர்களிடமும் இதையேதான் கேட்க வேண்டும்.

"ஏழை சனங்களைச் சோதனை எலி ஆக்கச் சொல்லுதியா" என்று கேட்ட தம்பிக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காசநோய் வந்தால் சானடோரியத்தில் (காசநோய்க்கென்றே இருந்த ஆஸ்பத்திரி) படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, இதெல்லாம் இல்லாமல் பிழைக்க முடியாது என்று உலகம் நம்பிய காலம். 1956-இல் சென்னையில் குலுக்கல் முறையில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப் பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்துதான். ஒண்டுக்குடித்தனத்தில் அரை வயிற்றுக் கஞ்சியோடு இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணமானது. வீட்டிலிருந்த பிள்ளைகுட்டிகளுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் முடிவு வெளியானது. படுக்கை கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான ஏழைகளுக்கு, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுப் பிழைக்க அதுதான் வழி திறந்தது. அந்தச் சென்னைக்காரர்களை எலி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். 2004-இல் எங்கள் அப்பாவுக்குக் கண் மஞ்சளானது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வைத்தியர் (இந்த அண்ணாச்சி இல்லை, அவர் இப்போது உயிரோடும் இல்லை) பச்சிலை கொடுத்தார். உப்பு, புளி, எண்ணெய் கூடாது, ஒரு மண்டலம். அம்மா விடியுமுன் எழுந்து அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் தன் கையாலேயே கொடுப்பாள். அப்பா ராத்திரியெல்லாம் சொறிவார். முதுகு முழுக்க நகக்கோடு, வேட்டியில் ரத்தப்பொட்டு. மலம் களிமண் மாதிரி வெளுத்துப் போவதை அம்மா கவனித்துச் சொன்னாள். "விஷம் இறங்குது" என்றார் வைத்தியர். பித்தநாளம் அடைத்தால் அப்படிப் போகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. கணையத்தில் கட்டி. இரண்டு மாதத்தில் போய்விட்டார்.

"முதல்லயே போயிருந்தா மட்டும் பிழைச்சிருப்பாரா?" தெரியாது. அது பொல்லாத நோய். எங்கள் அப்பா ஒருவர், ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அம்மாவிடம்தான் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மியில் அவள் எதுவுமே அரைத்ததில்லை.

மறு வருஷம் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் அந்த வைத்தியரைப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா நல்லாருக்காரா? பாதியிலேயே வராம நின்னுட்டாரே, சரி, குணமாயிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.