கிட்டாருக்கு அரக்கே போதும்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தம்பியிடமிருந்து போன். ஒரு வருடமாகக் கிட்டார் செய்யக் கற்றுக்கொண்டிருப்பவன், வாடகை வீட்டில் இரண்டாம் மாடியில் இருக்கிறான். பேச ஆரம்பித்ததுமே இருமல். "அண்ணா, பால்கனில வச்சு டூ கே கிளியர் அடிச்சுப் பாத்தேன். சாயங்காலத்துல இருந்து நெஞ்சை அடைக்கிற மாதிரியே இருக்கு" என்றான். டூ கே கிளியர் என்பது காருக்கு அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. முகத்தில் என்ன போட்டிருந்தாய் என்று கேட்டேன். கொரோனா காலத்தில் வாங்கிய துணி மாஸ்க்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், போனான். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பளபளக்கும் கிட்டார் படங்களைப் போடுகிற நாங்கள் யாரும் அந்தப் பளபளப்பு எப்படி வந்தது, அதை அடிக்கும்போது காற்றில் என்ன இருந்தது என்று எழுதுவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வீட்டில் வைத்து எலக்ட்ரிக் கிட்டார் செய்கிறவர்கள் ஸ்ப்ரே கன்னைத் தொட வேண்டாம். கையால் தேய்த்து ஏற்றும் அரக்குப் பூச்சை எடுங்கள்.

டூ கே என்பது இரண்டு டப்பா: ஒன்று பெயிண்ட், இன்னொன்று ஹார்டனர். அந்த ஹார்டனர் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஐசோசயனேட் என்று இருக்கும். கார் பெயிண்ட் அடிக்கும் தொழிலாளிகளுக்கு வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியமான காரணம் இதுதான். இதில் மோசமான விஷயம், உடம்பு ஒரு தடவை இதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். வாழ்நாள் முழுக்கக் கூட இருக்கலாம். நல்ல பெயிண்ட் பூத்தில், அதாவது பெயிண்ட் அடிக்கவென்றே கட்டிய அறையில், வேலை செய்கிறவர்கள் வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடி போட்டிருப்பார்கள். கரி ஃபில்டர் மாஸ்க்கை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் ஃபில்டர் தீர்ந்துபோனதை வாசனை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. முழுதாக இறுகிய பிறகு அந்தப் பூச்சால் ஆபத்தில்லை. அடிக்கிற நேரமும், அரைகுறையாகக் காய்ந்ததைத் தேய்க்கிற நேரமும்தான் ஆபத்து. பால்கனியில் அடித்தால் உங்களோடு போகாது, பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கும்.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். ஃபர்னிச்சர் கடைகளில் ஓடுவது அதுதான், ஐம்பதுகளின் அமெரிக்க கிட்டார்களில் இருந்ததும் அதே குடும்பம்தான். ஐசோசயனேட் தொல்லை இல்லை. ஆனால் தின்னர் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், ஒரு பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். சமையலறையில் அடுப்பு எரிகிற வீட்டில் அதை ஸ்ப்ரே செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை.

இந்தக் கண்ணாடிப் பளபளப்பு மேல் நமக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த லியோ ஃபெண்டர் 1950இல் பலகை மாதிரியான ஒரு கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் டெலிகாஸ்டர் என்று சொல்வது அதைத்தான். உடல் பலகையான பாடி தனி, இடது கை பிடிக்கும் கழுத்தான நெக் தனி, இரண்டையும் சேர்க்க நாலு ஸ்க்ரூ. சீக்கிரம் செய்ய வேண்டும், சுலபமாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. வண்ணத்தைக் கார் கம்பெனிகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டின் நிறம், லேக் ப்ளாசிட் ப்ளூ காடிலாக்கின் நிறம். அறுபதுகளின் கடைசியில் இன்னும் கெட்டியான பாலியெஸ்டர், பாலியூரித்தேன் பூச்சுகளுக்கு மாறினார்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வெளியே போக வேண்டிய தொழிற்சாலைக்கு அது சரி. வருடத்துக்கு ஒரு கிட்டார் செய்கிற நமக்கு அந்த வேகம் எதற்கு?

என் முதல் கிட்டாரை நானும் அப்படித்தான் கெடுத்தேன். நெக்கை விலைக்கு வாங்கியிருந்தேன், மேப்பிள் மரம். அதன் அடிப்பாகம் 56 மில்லிமீட்டர் அகலம். அதற்கு ஏற்றபடி பாடியில் 16 மில்லிமீட்டர் ஆழத்துக்கு, மரம் குடையும் மெஷினான ரூட்டரில் குழி எடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது அந்த ஒரு குழிக்கு. ஸ்க்ரூ போடாமலே நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடி கூடவே வரும், அப்படி ஒரு பொருத்தம். அப்புறம் கோவையில் ஒரு கார் பெயிண்ட் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிறம் அற்புதமாக வந்தது. ஆனால் குழிக்குள்ளும் மூன்று நாலு கோட்டிங் அடித்துவிட்டார்கள். இரண்டு பக்கச் சுவரிலும் கால் கால் மில்லிமீட்டர் ஏறினாலே அரை மில்லிமீட்டர் போச்சு. நெக் இறங்கவில்லை. அழுத்தினேன். குழியின் மூலையிலிருந்து பெயிண்ட் சிலந்தி வலை மாதிரி விரிந்தது. டூ கே பூச்சை அந்த இடத்தில் மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியாது. பழைய பூச்சு கரைந்து புதியதோடு சேராது, ஓரம் கோடாகத் தெரியும். அந்த விரிசலோடுதான் அது இன்னும் என் சுவரில் தொங்குகிறது.

இரண்டாவது கிட்டாருக்குப் பலா மரம் எடுத்தேன். தஞ்சாவூரில் வீணை செய்வது பலாவில்தானே, கம்பி வாத்தியத்துக்கு நூற்றாண்டுகளாகப் பழகிய மரம். அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டு வருடக்கணக்கில் பொன்னிறமாகி, பழுப்புக்குப் போகும். இதன் மேல் போய் ஃபோர்டு காரின் சிவப்பை அடிக்க மனசு வரவில்லை. பழைய ஃபர்னிச்சருக்குப் பாலிஷ் போடும் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனேன். எழுபதுக்கு மேல் வயது. ஒரு கண்ணாடி பாட்டிலைக் காட்டினார். உள்ளே டிகாஷன் நிறத்தில் அரக்கு.

அரக்கு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகை. இது அதே பொருள்தான். புரசு, இலந்தை மரங்களின் கிளைகளில் சின்னப் பூச்சிகள் சுரந்து கட்டும் பிசின். இந்தியாவில் ஜார்க்கண்டில் அதிகம் கிடைக்கிறது. ராஞ்சி பக்கத்தில் இதற்கென்றே 1924இல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போடுவதும் இதைத்தான். நம் தாத்தாக்கள் கேட்ட 78 சுற்று இசைத்தட்டிலும் அரக்குதான். ஸ்பெயினின் நல்ல கிட்டார்களுக்கு இன்றும் இதைத்தான் கையால் தேய்த்து ஏற்றுகிறார்கள். நம் ஊர்க் காட்டுப் பிசின் உலகத்தின் மிக உயர்ந்த கிட்டார்களில் இருக்கும்போது, நாம் ஹார்டனர் டப்பாவைத் திறந்துகொண்டிருக்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

செய்முறைக்கு வருகிறேன். பூச்சு ஆரம்பிப்பது உப்புத்தாளில். 120, 180, 220 என்று வரிசையாகப் போங்கள் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), ஒன்றையும் தாண்டாதீர்கள். அறையின் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால்தான் 120 விட்ட கீறல் தெரியும். 220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு தடவை துடையுங்கள். மரத்தின் நார் முள்ளு முள்ளாக எழும்பும். காய்ந்த பிறகு மறுபடி 220. இதைச் செய்யாவிட்டால் முதல் கோட்டிங்கிலேயே சொரசொரப்பு வந்துவிடும்.

100 கிராம் அரக்குச் செதிலை 400 மில்லி ஸ்பிரிட்டில் போட்டு, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். கண்ணாடி பாட்டில்தான், இரும்பு டப்பா வேண்டாம், கறுத்துவிடும். மெத்தனால் கலந்த ஸ்பிரிட் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், அதனால் கையுறை கட்டாயம். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் தாண்டிய கரைசல் சரியாக இறுகாது. சந்தேகம் இருந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் கொட்டிவிடுங்கள்.

பலாவின் துளைகள் பெரியவை. மூன்று நான்கு கை அரக்கு ஏறியதும் பியூமிஸ் என்கிற எரிமலைக் கல் பொடியைத் துளி தூவி, அரக்குத் துணியால் வட்டமாகத் தேய்த்தால், மரத்தூளும் பொடியும் அரக்கும் சேர்ந்து துளைக்குள் அடைந்துகொள்ளும். இந்த வேலைக்கு மட்டும் எனக்கு ஒரு வாரம் ஆனது.

அப்புறம் அரக்கைத் தேய்த்து ஏற்றும் பொட்டலம். உள்ளே பஞ்சு, வெளியே பழைய வேட்டித் துணி. பல தடவை துவைத்து நூல் உதிராத வேட்டியை விட நல்ல துணி இதற்குக் கிடையாது. பஞ்சில் அரக்கை ஊற்றி, துணியின் அடியில் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின் தொட்டுக்கொண்டு, வட்டம் வட்டமாக, பிறகு லைசென்ஸுக்குப் போடுகிற எட்டு மாதிரி, கடைசியில் நீளவாக்கில். பலகையின் மேல் கையை நிறுத்தவே கூடாது. நின்ற இடத்தில் துணி ஒட்டிக்கொண்டு, கீழே ஏறியிருப்பதையும் பிய்த்து எடுத்துவிடும். நான் முதல் நாளே அப்படிப் பிய்த்தேன். பெரியவர் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "துணி இழுக்குதுன்னா நிறுத்திப்போடுங்க தம்பி. ராத்திரி கெடக்கட்டும். காலைல உங்களுக்கே தெரியுமுங்க" என்றார். காலையில் பார்த்தேன். லேசாகத் தேய்த்து மறுபடி ஓட்டியதும் அந்த இடம் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. புது அரக்கில் இருக்கும் ஸ்பிரிட் பழையதைக் கொஞ்சம் கரைத்து, இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. கார் பெயிண்ட் எனக்குத் தராத மன்னிப்பு இது.

தினம் சாயங்காலம் இருபது நிமிடம், மூன்று வாரம். மழை நாளில் தொடவே கூடாது, ஈரம் பிடித்து வெள்ளை பூத்துவிடும். ஆடிக் காற்று அடிக்கிற மாதமும் வேண்டாம், எவ்வளவு மூடினாலும் தூசி வந்து உட்காரும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வியர்வை அரக்குக்கு ஆகாது. வலது முழங்கை படுகிற இடம் வருடத்துக்கு ஒரு தடவை மங்கும். பத்து நிமிடம் பொட்டலம் ஓட்டினால் திரும்பிவிடும். சானிட்டைசர் போட்ட கையோடு தொட்டால் விரல் ரேகை அப்படியே பதியும், ஏனென்றால் அதுவும் ஆல்கஹால்தான். வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் இளகும். வாரம் நாலு மேடை ஏறுகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். நெக்குக்கும் அரக்கு போடுவதில்லை, அங்கே கை ஓயாமல் படும். மேல்பூச்சு இல்லாத நெக் என்றால் டங் மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் டங் ஆயில் போதும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

ஒலி நன்றாக வரும் என்பதற்காக அரக்கு போடச் சொல்லவில்லை. மெல்லிய பூச்சில் மரம் மூச்சு விடும், சத்தம் திறக்கும் என்றெல்லாம் நிறையப் பேர் சொல்கிறார்கள். திடமான பாடி உள்ள எலக்ட்ரிக் கிட்டாரில், கம்பிக்குக் கீழே இருக்கும் காந்தச் சுருளான பிக்கப் கேட்பது கம்பியின் அதிர்வைத்தான். என் இரண்டு கிட்டாரையும் ஒரே பிக்கப், ஒரே கம்பி போட்டு வாசித்துப் பார்த்திருக்கிறேன், பூச்சால் வந்த வித்தியாசம் என்று ஒன்றை என் காது கண்டுபிடிக்கவில்லை. சத்தத்துக்குச் செலவழிக்க நேரம் இருந்தால் நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளைச் சமன்செய்வதில் செலவழியுங்கள்.

அழுத்தமான ஒரே நிறம்தான் வேண்டும் என்றால் அரக்கால் அது முடியாது. அப்போது முறையான பூத் இருக்கும் கடையில் கொடுங்கள். கொடுக்கும் முன் நெக் குழியின் சுவர்களை மாஸ்கிங் டேப்பால் நீங்களே மூடிக் கொடுங்கள், அவர்களிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது.

அந்தத் தம்பி நல்லவேளையாக ஒரு துண்டுப் பலகையில்தான் அடித்துப் பார்த்திருக்கிறான். அவனுடைய பாடி, அதுவும் பலாதான், இன்னும் 180இல் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்துக்கொண்டு வருகிறான். செதிலை நேற்று ஊறப்போட்டு வடிகட்டிவிட்டேன். அப்பாவின் பழைய வேட்டி ஒன்று கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது.